கேபிளை நிறுத்தச் சொல்லிவிட்டேன்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. முட்டிவலி வழக்கம்போல, மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. எப்போதும் அடுத்த வரியில் நீயும் நலம்தானே என்று எழுதுவேன். இந்தத் தடவை அதைக் கொஞ்சம் தள்ளிப்போடுகிறேன்.

கேபிளை வைத்துக்கொள்வதா, நிறுத்திவிட்டு ஓடிடி மட்டும் போதுமா என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாய். இரண்டுக்கும் எதற்குத் தண்டமாகக் கட்ட வேண்டும் என்று நீ சொல்வது நியாயம்தான். நான் இழுத்தடித்ததற்குக் காரணம் வேறு. கேபிளைப் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போனால், பார்க்க ஆளில்லாவிட்டாலும் செய்தி வாசிப்பவர் பேசிக்கொண்டே இருப்பார். அப்பா போன பிறகு இந்த வீட்டில் கேட்கிற ஆண்குரல் அது ஒன்றுதான். ஓடிடி அப்படியில்லை. ஒவ்வொன்றையும் நாம்தான் தேட வேண்டும். நாலு பகுதி ஓடியதும் தானாக நின்று, இன்னும் பார்க்கிறீர்களா என்று கேட்கிறது. முதல் நாள் எழுந்து வந்து, “பாத்துட்டுதான் இருக்கேன்” என்று பதில் சொன்னேன். சிரிக்காதே.

அன்றைக்கு வெளிநாட்டிலிருந்து நீ போனில் சொல்லச் சொல்ல, உன் கணக்கையே இங்கேயும் திறக்க நான் ரிமோட்டை அழுத்தினேன், ஞாபகமிருக்கிறதா? திரையில் நாலு கட்டம் வந்தது. உனக்கு, மருமகளுக்கு, பாப்பாவுக்கு, கடைசியில் புதிதாக எனக்கு. பாப்பாவின் கட்டத்தில் முயல் படம். அதைப் பார்த்தாலே எனக்குப் பொழுது போய்விடும்.

நான் வேவு பார்த்தேன் என்று நினைக்காதே. கண்ணாடி போடாமல் அழுத்தியதில் ஒருநாள் பாப்பாவின் கட்டம் திறந்துகொண்டது. ஒரு யானைக்குட்டி கார்ட்டூன் பாதியில் நின்றிருந்தது. படத்தின் அடியில் சிவப்புக் கோடு பாதி வரைக்கும். மறுநாள் பார்த்தேன், அதே இடம். அடுத்த வாரமும் அதே இடம். ஆறு வயதுக் குழந்தை ஒரு கார்ட்டூனைப் பாதியில் விட்டுவிட்டு ஐந்து வாரம் சும்மா இருக்குமா? வேறு எதையும் புதிதாகப் பார்க்கவும் இல்லை. நான் கூப்பிடும்போதெல்லாம் பாப்பா தூங்குகிறாள் என்கிறாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகள் எங்கே என்று உன்னைக் கேட்டேன். “அவ ஆபீஸ்ல இருக்காம்மா” என்றாய். அதற்கடுத்த புதன்கிழமை திறந்தால் நாலு கட்டம் மூன்றாகியிருந்தது. அவளுடையதைக் காணோம்.

அதற்குப் பிறகு உன் கட்டத்தைத் திறந்தது தவறுதலாக அல்ல. அதை ஒப்புக்கொள்கிறேன். வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாத நீ, ஏதோ சமையல் போட்டி பார்த்துக்கொண்டிருக்கிறாய். அங்கே விடிகிற நேரத்தில் பார்த்தபோது மூன்றாம் பகுதியில் இருந்தாய். அன்று அங்கே பொழுது சாய்வதற்குள் பன்னிரண்டாம் பகுதி. அது செவ்வாய்க்கிழமை, வேலைநாள்.

முப்பத்தோரு வருடம் வார்டில் நின்றவள் நான். வலிக்கிறது என்று கத்துகிறவர்களைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்பட மாட்டேன். “எனக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர்” என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறவர்களைத்தான் இரண்டு தடவை போய்ப் பார்ப்பேன். நீ போனில் அதே குரலில்தான் பேசுகிறாய். நேராகக் கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவாய், பிறகு அந்தப் பொய்யை வேறு நீ சுமக்க வேண்டும். அதனால்தான் கடிதம். இதற்கு உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை.

யார்மேல் தப்பு என்று நான் விசாரிக்கப்போவதில்லை. மருமகளைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகப் பேச மாட்டேன். அவள் என்னை அத்தை என்று கூப்பிட்டதில் ஒருநாளும் பொய் இருந்ததில்லை.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உனக்கு நாலு வயதாக இருந்தபோது அப்பா எட்டு மாதம் வெளியூரில் வேலை பார்த்தார் என்று சொல்லி வைத்திருக்கிறேன் அல்லவா? வேலையும் இல்லை, வெளியூரும் இல்லை. இதே ஊரில், இரண்டு பஸ் மாறினால் போய்விடுகிற தூரத்தில், தனியாக அறை எடுத்து இருந்தார். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. டியூட்டிக்குப் போனேன், வந்தேன், உன்னைத் தூங்கவைத்தேன், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் அக்கா ஓடி வந்திருப்பாள். நான் சொல்லவில்லை. அது வைராக்கியம் என்று அப்போது நினைத்தேன். இப்போது நினைத்தால் என்மேலேயே கோபம் வருகிறது. அப்பா திரும்பி வந்தார். எல்லார் வீட்டிலும் அப்படி நடக்கும் என்று சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் அந்த எட்டு மாதத்தை நான் தனியாகக் கழித்திருக்க வேண்டியதில்லை என்பது மட்டும் தெரியும்.

நேற்றுக் கேபிள்காரர் வந்தார். நிறுத்திவிடுங்கள் என்றேன். பையன் சொல்லிவிட்டாரா என்று கேட்டார். இல்லை, நானே எடுத்த முடிவு என்றேன். மறுபடி வேண்டுமென்றால் முதலிலிருந்து எல்லாம் கட்ட வேண்டும், நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள் என்று வாசலிலேயே நின்றார். பதினெட்டு வருடப் பழக்கம், அவருக்கும் மனசு கேட்கவில்லை. “கொஞ்ச நாளைக்கு வீட்ல ஆள் இருக்காதுப்பா” என்றேன். பெட்டியைக் கழற்றி ஒயரைச் சுருட்டிக்கொண்டு போனார். நேற்றுச் சாயங்காலம் குக்கர் சத்தம் தவிர வீட்டில் வேறு சத்தமில்லை.

பாப்பா பிறந்தபோது நான் எடுத்த பாஸ்போர்ட் இன்னும் நாலு வருடம் செல்லும். விசாவுக்கு நீ அழைத்து ஒரு கடிதம் தர வேண்டுமாம். காரணம் எதுவும் எழுத வேண்டாம், அம்மா வருகிறாள் என்று இரண்டு வரி போதும். வந்து கேள்வி கேட்க மாட்டேன். நீ பேசினால் கேட்பேன், பேசாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். பாப்பா எங்கே இருந்தாலும் ஒருதரம் கண்ணால் பார்த்துவிட்டு வருவேன், அவள் அம்மா சம்மதித்தால்.

நேரத்துக்குச் சாப்பிடு கண்ணா. நன்றாக இரு. அந்த இரண்டு வரியை எழுத இப்போது கை வரவில்லையென்றால் பத்து நாள் கழித்து எழுது, ஒரு மாதம் கழித்துக்கூட எழுது. வராதே என்று மட்டும் எழுதிவிடாதே.

என்றும் உன் நினைவோடு,
அம்மா