மச்சானின் பெட்ரோல் பம்ப்

மார்ச் 3, செவ்வாய்

மச்சான் வீட்டு ஷெட்டில் அரை நாள் போனது. என் மனைவியின் அண்ணன். பல் டாக்டராக இருந்தவர். கை நடுக்கம் வந்து கிளினிக்கை மூடிய பிறகு, அறுபது வருடப் பழைய பிரிட்டிஷ் கார் ஒன்றே கதி என்று கிடக்கிறார். டாங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் ஏற்றுகிற பம்ப்பைப் பிரித்து, வால்வு முதற்கொண்டு எல்லாவற்றையும் தன் கையாலேயே மாட்டியிருக்கிறார். மூன்று வாரம் ஆனதாம். எனக்கு விட்டது பைப்பை இணைக்கிற வேலை மட்டும். முப்பது வருடமாகக் குழாய் மாட்டுகிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று மார்தட்டிவிட்டு மாட்டினேன். சொட்டியது.

“மரையில உங்க வெள்ளை டேப்ப சுத்திடாதீங்க மாப்ள. இது தண்ணிக் குழாய் இல்ல. பைப் நுனியில இருக்கிற வளையத்துக்கு ரெண்டு பக்கமும் வர்ற வாஷர்தான் அடைக்கணும். புது வாஷர் வரட்டும்.”

பல் பிடுங்கியவர் எனக்குக் குழாய்ப் பாடம் எடுக்கிறார்!

மார்ச் 5, வியாழன்

அவர் டீ எடுக்க உள்ளே போன நேரத்தில் டேப்பைச் சுற்றிவிட்டேன். ஒரு சொட்டு இல்லை. பழைய வாஷரே சரியாக உட்கார்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். நான் டீயை வாங்கிக் குடித்தேன்.

மார்ச் 11, புதன்

முதல் ஓட்டம். ஓட்டியது என் மனைவி, பக்கத்தில் அவள் அண்ணன், பின்னால் நான். சிக்னல் தாண்டுவதற்குள் நின்றுவிட்டது. பம்ப் மட்டும் விடாமல் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது, பெட்ரோல் ஏறவில்லை. பின்னால் ஒரே ஹாரன்.

“வால்வ நான்தான் கோணலா வச்சிருக்கேன்” என்றார் மச்சான். இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டார். வண்டியைக் கட்டி இழுத்து வீடு வரும்வரை வெளியே எடுக்கவில்லை.

மார்ச் 12

ஷெட்டைப் பூட்டிச் சாவியைத் தங்கையிடம் கொடுத்துவிட்டார். “யாருக்காவது குடுத்துடும்மா. இந்தக் கைய நம்பி இனி ஒண்ணும் வேணாம்.” அவள் சமைத்துக்கொண்டே அழுதாள்.

மார்ச் 13, வெள்ளி

தனியாகப் போய்ப் பம்ப்பைப் பிரித்தேன். பெட்ரோல் உள்ளே வருகிற பக்கத்து வால்வு மூட முடியாமல் கிடந்தது. அடியில் வெள்ளையாக ஒரு துணுக்கு. என் டேப். மரையில் அறுபட்டு உள்ளே போயிருக்கிறது. மற்றதெல்லாம் அவர் வைத்தபடியே கச்சிதம்.

துடைத்து மாட்டிவிட்டு, நான் சரிசெய்தேன் என்று பேர் வாங்கிக்கொள்ளலாமா? யாருக்குத் தெரியப்போகுது? ஆனா அந்த மனுஷன் தன் கையையே வெறுத்துட்டு உக்காந்திருக்காரே — என்னாலதானே? சீ, என்ன பொழப்பு இது.

மார்ச் 14, சனி

சொல்லிவிட்டேன். துணுக்கைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போயிருந்தேன்.

“அப்போ வால்வு?” என்று கேட்டார்.

“நீங்க வச்சது சரியாத்தான் இருந்துச்சு மச்சான்.”

“இன்னொரு தடவ சொல்லுங்க.”

சொன்னேன். அதற்குப் பிறகுதான் திட்ட ஆரம்பித்தார். கால் மணி நேரம். இவ்வளவு நிம்மதியாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

மார்ச் 22, ஞாயிறு

புது வாஷர் வந்தது. இணைப்பையும் அவரே போட்டார். போல்ட், ஒரு வாஷர், பைப்பின் வளையம், இன்னொரு வாஷர். இரண்டு முறை கீழே விழுந்தது, நான் குனியவில்லை. அவரே தேடி எடுத்தார். முடுக்கினார். சொட்டவில்லை. பம்ப் பத்துப் பன்னிரண்டு முறை அடித்துவிட்டு, பெட்ரோல் நிரம்பியதும் தானாக ஓய்ந்தது. என் மனைவி ஊரை ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

இறங்கும்போது மச்சான் சொன்னார்: “அடுத்த வாரம் கார்புரேட்டரப் பிரிக்கப் போறேன். வாங்க மாப்ள, உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன்.”