கோடில்லாத அணில்

என் சுண்டுவிரல் நகத்துக்குள் சாம்பல் நிறப் பெயிண்ட் ஒட்டியிருக்கிறது. ராத்திரி சோற்றைப் பிசையும்போதும் அதே வாசம். உன் பேரைச் சொன்னாலே, "நெனச்சு நெனச்சுக் காய்ச்சல இழுத்துக்காத" என்று அம்மா திட்டுகிறாள். அதனால் எல்லோரும் தூங்கியபின் அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆனால் இன்று நான் பேசிவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

செண்பகத்தோப்பில் காட்டுக்குப் போகும் வழியில் ஒரு சிலை வைக்கப்போகிறோம், என்ன வைக்கலாம் என்று வரைந்து கொடுங்கள் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் வனத்துறை ஆபீசிலிருந்து நம் பள்ளியில் கேட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? எல்லோரும் சிங்கமும் புலியும் வரைந்தார்கள். நான் மயில். காட்டைக் காவல் காக்கும் வாச்சரின் மகளான நீ மட்டும், உங்கள் வீட்டுப் புளியமரத்தில் வாலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் பெரிய சாம்பல் அணிலை வரைந்தாய். அதைக் காட்ட என்னைக் கூட்டிப்போனபோது, "ஏட்டி, மூச்சு விடாம நில்லு. அது நம்மளப் பாத்து முடிக்கட்டும், பொறவு நாம பாக்கலாம்" என்றாய்.

உன் படத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். சிமெண்ட் குழைக்கும் முன்பே, பரீட்சை லீவில் வந்த காய்ச்சலில் நீ போய்விட்டாய்.

நாளை திறப்பு விழா. பாட்டு ஒத்திகைக்கு இன்று எங்களைக் கூட்டிப்போனார்கள். ஆள் உயர அணில். வால் அப்படியே உன் படத்தில் இருந்ததுதான். ஆனால் முதுகில் பளிச்சென்று மூன்று வெள்ளைக் கோடுகள்! செய்தவர் இராஜபாளையத்து ஸ்தபதி, கோபுரங்களுக்குப் பொம்மை செய்கிறவர். உன் அப்பா ஓரமாக நின்று அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலதிகாரியான ரேஞ்சர் பக்கத்தில் இருந்தால் அவர் வாய் திறக்கமாட்டார், உனக்குத் தெரியும்.

எனக்கு மட்டும் வாய் வருமா? அட்டெண்டன்ஸ் எடுக்க டீச்சர் என் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் நீதானே, "இருக்கா டீச்சர், உள்ளுக்குள்ள சொல்லிட்டா" என்பாய்.

வரிசையை விட்டு முன்னால் போனேன். "இதுக்குக் கோடு கெடையாது" என்றேன்.

ஸ்தபதி சிரித்தார். "ராமர் தடவுன கோடு தாயி. படத்துல இல்ல. சின்னப் புள்ள மறந்துட்டுன்னு நாந்தான் சேத்துப் போட்டேன்."

"அவ மறக்கல. இது காட்டு அணிலு."

"நீ எண்ணிப் பாத்தியோ?"

"எண்ணுறதுக்கு ஒண்ணும் இல்லயே!"

பாட்டுக்கு நின்ற பிள்ளைகள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். ரேஞ்சர் உன் அப்பா பக்கம் திரும்பினார். "என்ன வாச்சர்?"

"கோடு கெடையாதுங்கய்யா. எம்மக சரியாத்தான் போட்டிருந்தா."

ஸ்தபதி சாம்பல் பெயிண்ட் டப்பாவைத் திறந்தார். பிறகு பிரஷ்ஷை அதில் முக்கி என்னிடம் நீட்டினார். "அப்போ நீயே அழி, ஓவர்சியரம்மா."

மூன்றையும் நானே அழித்தேன். முதல் கோட்டில் கை ஆடியது. மூன்றாவதில் ஆடவில்லை.

பஸ் ஏறும்போது உன் அப்பா பக்கத்தில் வந்து, "அவ பேசுனாப்புலயே இருந்துச்சு தாயி" என்றார்.

திங்கட்கிழமை டீச்சர் என் பெயரைக் கூப்பிடுவார். என் பதில் கடைசி பெஞ்சு வரை கேட்கும். இனிமேல் உள்ளுக்குள்ளே சொல்லமாட்டேன், ஏட்டி.