மலை முத்திரை போட்ட உறை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீங்கள் இருந்தவரை உங்களிடம் ஒரு கேள்வி கேட்க எனக்கு வாய் வரவில்லை. தங்கச்சியைக் கட்டிக் கொடுத்த அண்ணன்காரன், மாப்பிள்ளையைப் பார்த்து "எங்க போறீக, யாரைப் பாக்கப் போறீக" என்று நம் பக்கத்தில் கேட்டுவிட முடியுமா? இப்போது கேட்கலாம் என்றால் பதில் சொல்ல நீங்கள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் புத்தி உங்களுக்குத் தெரியும். புதுவயல் ரைஸ்மில்லில் இருபது வருஷமாக நெல் பார்த்து வாங்குகிறவன். லாரியில் வந்த ஒவ்வொரு மூட்டையிலும் குத்தூசியை விட்டு உருவி, நெல்லைப் பல்லில் கடித்து ஈரம் பார்ப்பவன். மேலே காய்ந்த நெல்லைப் போட்டு அடியில் ஈரத்தை மறைத்துக் கொண்டுவருவார்கள். அதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் புத்தியை மில் வாசலிலேயே விட்டுவிட்டு வர எனக்குத் தெரியவில்லை.

தங்கச்சி தெய்வானையைக் கட்டுவதற்கு முன் மூன்று வருஷம் நீலகிரியில் அணை கட்டும் வேலையில் இருந்தீர்கள். காரைக்குடி மின்சார ஆபீசுக்கு வந்த பிறகும் வெயில் ஏறினால் உங்களுக்கு மலை ஞாபகம் வந்துவிடும். "அங்க ஊத்துத் தண்ணி ஓடையா ஓடுது மச்சான். அடியில கெடக்குற கூழாங்கல்லை எண்ணிரலாம். அதுல டிரவுட்டுன்னு ஒரு மீனு, வெள்ளைக்காரன் சீமையிலருந்து கொண்டாந்து விட்டது. ஒரு தடவையாச்சும் போயிப் பிடிக்கணும்" என்பீர்கள்.

கேட்ட அன்றே எனக்கு உறுத்தியது. நமக்குத் தெரிந்த மீன்பிடி எது? கண்மாய் வற்றினால் ஊரே ஊத்தாக் கூடையோடு இறங்கும். சேற்றைக் கலக்கி, கூச்சல் போட்டு, அள்ளிக்கொண்டு கரையேறும். நீங்கள் சொன்னதோ ஒற்றை ஆளாக நின்று பிடிப்பது. சத்தம் கூடாது. புழு கூடாது, தூண்டில் முள்ளில் சேவல் இறகைக் கட்ட வேண்டும். அதற்குச் சர்க்காரிடம் சீட்டு வேறு வாங்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு, பிடித்த மீன் அளவில் சின்னதாக இருந்தால் திரும்ப ஓடையிலேயே விட்டுவிட வேண்டுமாம்!

பிடித்த மீனைத் திரும்ப விடுவதற்கு ஒருவர் இத்தனை பஸ் மாறிப் போவாரா? மலையில் ஒரு பெண் இருக்கிறாள் என்று அன்றைக்கே முடிவுகட்டிவிட்டேன். மூன்று வருஷம் சும்மாவா? ஒரு குடும்பமே இருக்கலாம்.

"நானும் வாரேன் மாப்ளே" என்றேன். உங்கள் முகம் மலர்ந்துவிட்டது. நான் அந்த மலர்ச்சியையும் சந்தேகப்பட்டேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உங்கள் வீட்டில் இதே பேச்சுதான். மதுரை, கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம் என்று பஸ் நேரத்தையெல்லாம் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினீர்கள். மூங்கில் கழிக்கு விளக்கெண்ணெய் தடவினீர்கள். சந்தையில் சேவல் வாங்கினால் கழுத்து இறகு உங்களுக்கு, கறி எனக்கு. நீங்கள் நூலால் இறகைக் கட்டும்போது நான் முள்ளைப் பார்க்கவில்லை, உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தங்குறது எங்க மாப்ளே?"

"ஓடைக்கு ஒரு வாட்சர் இருக்காரு. அவரு வீட்டுலதான்."

வாட்சர் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? கேட்க முடியாமல் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அறுபத்தெட்டு சித்திரையில் அந்த உறை வந்தது. தேவகோட்டை போய்விட்டுத் திரும்பும் வழியில் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். நீங்கள் ஆபீசில், தெய்வானை கொல்லையில். தபால்காரர் என் கையில் கொடுத்தார். மலை ஊர் முத்திரை, விலாசம் குண்டு குண்டாகப் பெண்பிள்ளை எழுத்தில். சட்டைக்குள் செருகிக்கொண்டு தங்கச்சியிடம் சொல்லாமலே கிளம்பிவிட்டேன்.

ஆனால் பிரிக்கவில்லை மாப்பிள்ளை. நான் நினைத்தது நிஜமாக இருந்தால் தெய்வானையை அழைத்துக்கொண்டு வர வேண்டும். பொய்யாக இருந்தால் உங்கள் முகத்தில் விழிக்க முடியாது. ஊரார் நெல்லையெல்லாம் கடித்துப் பார்த்தவனுக்கு ஓர் உறையைக் கிழிக்கத் தைரியம் இல்லை. மில்லில் என் பெட்டிக்கு அடியில் போட்டுப் பூட்டினேன்.

அந்த மாதம் முழுக்க நீங்கள் தபால்காரரை மறித்து மறித்துக் கேட்டீர்கள். "சீட்டு இன்னும் வரலையே மச்சான்" என்று என்னிடமே வந்து சொன்னீர்கள். "சர்க்கார் காரியம் அப்பிடித்தான் மாப்ளே" என்றேன் நான். சீட்டு வேறு, உறை வேறு என்றுதான் அப்போது நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

நீங்கள் போட்ட லீவு வீட்டிலேயே கழிந்தது. மறு வருஷம் எங்கள் அம்மா போய்ச் சேர்ந்தாள். அதற்கடுத்த வருஷம் உங்களுக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. குளிர் ஆகவே ஆகாது என்றார் டாக்டர். மூங்கில் கழி பரணுக்குப் போனது.

போன தை மாதம் நீங்கள் போனீர்கள். முப்பதாம் நாள் கும்பிட்ட பிறகு உறையைக் கொண்டுவந்து தெய்வானையிடம் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். அவள் பிரித்தாள். உள்ளே சர்க்கார் சீல் போட்ட சீட்டு ஒன்றும் ஒரு காகிதமும் இருந்தன. காகிதத்தை வாய்விட்டுப் படித்தாள்.

"ஐயா, சீட்டு வாங்கிவிட்டேன். நீங்கள் எழுதியபடி உங்கள் பேரும் உங்கள் மச்சான் பேரும் போட்டிருக்கிறது. ஓடை தெளிந்து ஓடுகிறது, இருவரும் வந்து சேரவும். எனக்கு எழுத வராது, என் மகள் எழுதுகிறாள்." கீழே வாட்சரின் கைநாட்டு.

எழுத்து பெண்பிள்ளையுடையதுதான். அதில் மட்டும் என் கணக்குத் தப்பவில்லை. என் பேர் போட்ட சீட்டை நானே பூட்டி வைத்திருந்தேன் மாப்பிள்ளை. உங்கள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன்.

சீட்டை மடித்து வைத்துவிட்டுத் தெய்வானை சொன்னாள்: "அவுகளுக்குத் தெரியும்ணே."

"இந்த உறையா?"

"உறை தெரியாது. நீங்க சந்தேகப்பட்டுத்தான் கூட வாரேன்னீகன்னு தெரியும். ‘உங்களுக்குக் கோவம் வரலையா’ன்னு அவுககிட்ட நானே கேட்டேன். ‘எதுக்காக வந்தா என்ன, கூட வர ஒரு ஆளு இருக்காருல்ல’ன்னு சிரிச்சாக."

தெரிந்துகொண்டா எனக்கு இறகு கட்டிக் காட்டினீர்கள்? தெரிந்துகொண்டா என் பேரை எழுதி அனுப்பினீர்கள்? உறை விஷயம் நிஜமாகவே தெரியாதா, அதையும் தெரிந்துகொண்டேதான் "சீட்டு வரலையே மச்சான்" என்று என் முகத்தைப் பார்த்தீர்களா? பாருங்கள், இப்போதும் என் புத்தி போகவில்லை.

வாட்சருக்குக் கடிதம் போட்டேன். இருக்கிறாராம், வரச் சொல்லி எழுதியிருக்கிறார். எழுத்து மகளுடையதுதான், இப்போது கொஞ்சம் சீராகியிருக்கிறது. எனக்கு ஒரு சீட்டு வாங்கப் போகிறேன் என்று தெய்வானையிடம் சொன்னேன்.

"ரெண்டு பேருக்கு வாங்குங்கண்ணே. நானும் வாரேன்."

"நீ எதுக்குத்தா?"

"நீங்க மீன் பிடிக்கத்தான் போறீகளான்னு நான் பாக்க வேணாமா?"

நீங்கள் போன பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கழியைப் பரணிலிருந்து இறக்கி எண்ணெய் தடவியாயிற்று. நீங்கள் கட்டி வைத்த இறகுகளை டப்பாவோடு எடுத்துக்கொண்டோம். சித்திரையில் அந்த ஓடையில் நிற்பேன். முதலில் எந்த மீன் மாட்டினாலும், அளந்து பார்க்காமல் தண்ணீரில் விட்டுவிடுகிறேன். இது சத்தியம்.

எதற்காக வந்தாலும் கூட வருகிற,
உங்கள் மச்சான்