காலையில் புளிக்கும் இலை

மார்ச் 4, புதன்

எனக்குச் சிறுநீரகத்தில் கல் இல்லை. எதிர்வீட்டு லலிதா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பது பொய். இன்று கேட் பக்கம் நின்று காய்கறிக்காரரிடம் அவள் பேசியதை என் காதாலேயே கேட்டேன்: "அந்தம்மாவுக்குக் கல்லுதான். காலைலயும் சாய்ங்காலமும் ரணகள்ளி எல துன்னுகினு கீது. வெளிய சொல்லாது, கௌரவம்!"

தின்னவில்லை. அந்தத் தடித்த இலையின் ஓரத்தில் ஒரு துண்டு கிள்ளி, மென்று, துப்புகிறேன். அது சோதனை. கல்லுக்கு அந்த இலை கேட்குமா என்பது எனக்குத் தெரியாது. கல் வந்தால் டாக்டரிடம் போவேன்.

வெயில் இப்போதே தலையைப் பிளக்கிறது. பிரஷர் மாத்திரை தீர்ந்தது. வாங்க வேண்டும்.

காரணத்தை இங்கேதான் எழுத முடியும். போன மாதம் கரையான்சாவடியில் உறவில் ஒரு கிரகப்பிரவேசம். பந்தியில் என் பக்கத்தில் ருக்கு. என் கணவரின் தங்கை, இந்த வீட்டின் பின் போர்ஷனில் இருப்பவள். எதிர் வரிசையில் கல் வலிக்காரர் ஒருவர். ருக்கு அவரிடம், "ரணகள்ளிய காத்தால துன்னு நைனா. அப்பதான் புளிப்பு கீது. சாய்ங்காலம் துன்னா சப்புனு கீது, ஒண்ணியும் இருக்காது."

நான் சொன்னேன்: "இலைக்கு மணி பார்க்கத் தெரியுமா? அஞ்சாவதோட நின்னவங்க சயன்ஸ் பேசக் கூடாது."

பந்தியே சிரித்தது. நானும். ருக்கு பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள்.

அன்றிலிருந்து பேச்சில்லை. என் பால் பாக்கெட்டை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள், கூப்பிடுவதில்லை. நான்கு மணிக் காபி தனியாக. அவள் சொன்னது தவறு என்று நிரூபித்துவிட்டால் மனம் அடங்கும் என்று நினைத்துத்தான் நேற்று இந்தச் சோதனையைத் தொடங்கினேன்.

மார்ச் 5, வியாழன்

அதிகாலையில் லேசான பனி. வாய் கொப்பளித்து, காபிக்கு முன்.

கா. 6 – புளிப்பு. பல் கூசியது.
பகல் 12 – கொஞ்சம்.
மா. 5 – ஒன்றுமில்லை. நனைத்த காகிதம் மாதிரி.

மூன்று நாளும் இதே முடிவு. நாக்கில் கோளாறோ என்று எலுமிச்சம்பழத்தை நக்கிப் பார்த்தேன். நாக்கு சரி.

கான்வென்ட்டில் சிஸ்டர் சொல்லித் தந்தது: பகலில் இலை கரியமில வாயுவை இழுத்து, தண்ணீரும் வெயிலும் சேர்த்து மாவுப் பொருள் ஆக்கும். இரவில் அந்த வேலை கிடையாது. இலையில் கறுப்புக் காகிதம் கட்டி, அயோடின் விட்டுக் காட்டினார். வகுப்பிலேயே என் நோட்டுதான் சுத்தம். அதில் எங்கேயும் புளிப்பு என்ற சொல் இல்லை.

கறுப்புக் காகிதம். நாளை.

மாலை சேகர் வந்தான். ருக்குவின் மகன், ஆவடி குவார்ட்டர்ஸில் இருக்கிறான். "அம்மா என்னோட வந்துடறேன்னு சொல்லிச்சு அத்த. திங்கக்கெழம வண்டி எடுத்தாறேன்."

"ஏனாம்?"

"தெரில. இன்னா கேட்டாலும், ‘எனக்கு இன்னா தெரியும், நான் அஞ்சாவதுதான’ன்னுது."

இரவு இட்லியில் பாதி மீந்தது.

மார்ச் 6, வெள்ளி

காற்றே இல்லை. கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தாயிற்று.

கா. 6 – ஒரே செடியில் இரண்டு இலை. ஒன்று அப்படியே. மற்றதற்குக் கறுப்புக் காகிதம் சுற்றி, நூல் கட்டினேன்.
மா. 5 – வெறும் இலை சப்பென்று. காகிதம் சுற்றியது புளிப்பு! காலையில் இருந்தது குறையவே இல்லை.

அப்படியென்றால் வெயில்தான் புளிப்பைத் தீர்க்கிறது. ராத்திரியில் எங்கிருந்து வந்து சேர்கிறது?

நான் மென்றுகொண்டு நின்றதை ருக்கு துணி உலர்த்தியபடி பார்த்தாள். என்னிடம் பேசவில்லை, கொடியிடம் பேசினாள்: "நம்ப சொன்னா பொய்யி. காயிதம் சொன்னா நெசம்."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். ஏன் அடக்கினேன்?

மார்ச் 7, சனி

மாத்திரை வாங்கினேன். மாடியில் குடியிருக்கும் நித்யா கல்லூரியில் தாவரவியல் நடத்துபவள். பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். உடனே சொன்னாள்:

"ஆமா ஆன்ட்டி. தடிச்ச இலைச் செடி நெறைய அப்படித்தான். இலையில சின்னச் சின்ன வாய் இருக்கும். பகல் வெயில்ல தொறந்தா தண்ணி போயிடும். அதனால ராத்திரி தொறந்து கரியமில வாயுவ வாங்கி, புளிப்பா மாத்தி வெச்சுக்கும். விடிஞ்சா வாய மூடிட்டு, அந்தப் புளிப்புலேர்ந்து வாயுவ மறுபடி எடுத்து வெளிச்சத்துல சர்க்கரை பண்ணும்."

"எனக்கு யாரும் சொல்லித் தரலையே."

"உங்க ஸ்கூல் புக்ல இருந்திருக்காது. உங்க தப்பு இல்ல ஆன்ட்டி."

என் தப்புதான். புத்தகத்தில் இல்லாதது தப்பல்ல. செடி எங்கள் வீட்டுச் சுவரோரமே இருந்தது. ஒரு துண்டு கிள்ளி வாயில் வைக்காமல் பேசினேன். அதுவும் அத்தனை பேர் நடுவில்.

மத்தியானம் பின்பக்கம் போனேன். பெட்டி திறந்து கிடந்தது. பாதி அடுக்கியிருந்தாள்.

"ருக்கு."

"இன்னா அண்ணி?" திரும்பவில்லை.

சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்தது. வெளியே வந்தது: "புடவைய இப்படியா மடிப்பாங்க? கசங்கிடும்."

"கசங்கட்டும்."

வந்துவிட்டேன். எழுபத்து நான்கு வயது. யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. என் கணவர் இருந்தபோது அவரிடம்கூடக் கேட்டதில்லை, இப்போது கேட்கவும் முடியாது.

மார்ச் 8, ஞாயிறு

வெயில் ஏறுவதற்குள் எழுதி முடித்தேன். நான்கு முறை கிழித்தேன். அசல் ருக்குவின் கதவிடுக்கில், கா. 7. நகல் இங்கே:

ருக்கு,

நீ சொன்னது சரி. ஐந்து நாள் சோதித்தேன். ரணகள்ளி காலையில் புளிக்கிறது, மாலையில் புளிப்பதில்லை. இரவில் காற்றிலிருந்து வாங்குவதைப் புளிப்பாக வைத்துக்கொண்டு, பகலில் அதைச் சர்க்கரை ஆக்குகிறது. நான் படித்ததில் இது இல்லை. நீ வாயில் வைத்துத் தெரிந்துகொண்டிருக்கிறாய்.

பந்தியில் நான் பேசியது தவறு மட்டுமல்ல, அசிங்கம். மன்னித்துவிடு. கரையான்சாவடி வீட்டுக்காரர்களுக்கும் தனியாகக் கடிதம் போட்டிருக்கிறேன். நீ சொன்னதுதான் சரி, நான் சொன்னது தவறு என்று அதில் எழுதியிருக்கிறேன். அங்கே சிரித்தவர்கள் எல்லோருக்கும் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

சேகருடன் இருக்க உனக்கு ஆசை என்றால் போ. என்னால் போகாதே.

பதிலை எழுதிக் கொடு. வாயால் சொல்லாதே, நான் குறுக்கே பேசிவிடுவேன். ஒரு வரி போதும். நாளை வண்டி வருவதற்குள் வேண்டும்.