விரியாத இடது கை

மார்ச் 3, செவ்வாய்

வாண்டுக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது. இன்றுதான் முதல் தடவையாகக் கிளப்புக்குத் தூக்கிக்கொண்டு போனேன். நான் குத்துச்சண்டை சொல்லிக்கொடுக்கும் பெண்கள் எல்லாரும் ரிங்கை விட்டு இறங்கி வந்து மொய்த்துக்கொண்டார்கள். ஒருத்தி கிலுகிலுப்பையை நீட்டினாள். வலது கையால் வெடுக்கென்று பிடுங்கினாள் என் மகள். இன்னொருத்தி இடது பக்கமாக நீட்டிப் பார்த்தாள். அதற்கும் உடம்பைத் திருப்பி, வலது கையையே குறுக்கே கொண்டுவந்து பிடுங்கினாள். "கோச்சோட ரைட்டு அப்படியே வந்திருக்கு" என்று ஒரே கைதட்டல், கூத்து. எனக்குத் தலைகால் புரியவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். என் குஞ்சு நிஜமாகவே பொன்.

மார்ச் 9, திங்கள்

கீழே இவருடைய தையல் கடை, மேலே வீடு. கடை திறக்குமுன் வாண்டைக் குளிப்பாட்டுவது இவர் வேலை. இன்று ஈரக் கையோடு வந்து நின்றார்.

"இடது கையில மட்டும் அழுக்கு சேருது. உள்ளங்கை பூரா நூலு, பஞ்சு, பால் வாடை. கட்டைவிரலை உள்ள வச்சு மூடிக்கிறா. வலது கை அப்படி இல்ல."

"ஒழுங்காக் கழுவுங்க."

"கழுவத்தான் பிரிக்கிறேன். இறுக்கமா இருக்கு. எதுக்கும் ஒரு தடவ டாக்டர்கிட்ட..."

கையிலிருந்த டம்ளரைச் சுவரில் விட்டெறிந்தேன். பால் கூரை வரை தெறித்தது. இவருக்கு எதிலும் ஒரு நொட்டை சொல்லியாக வேண்டும். ஒரு தையல் பிசகினால் முழுச் சட்டையையும் பிரித்துப் போடுகிற ஆள். என் பிள்ளை சட்டையா?

மார்ச் 10

நான் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன்.

மார்ச் 12, வியாழன்

மாமியார் காதுக்குப் போய்விட்டது. அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்: "வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு குத்துச்சண்டை போட்டா, புள்ளைக்குக் கை எப்படி விளங்கும்?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் இன்று விரல்விட்டு மாதத்தை எண்ணினேன். உண்டானது தெரியாமல் இரண்டாவது மாதம் வரை ரிங்கில் நின்றவள்தானே நான். வயிற்றிலும் குத்து வாங்கினேன்தானே. அப்படியானால் நானா? நான்தானா?

சாயங்காலம் நெட்டையை ரிங்கில் ஏற்றினேன். என் பெண்களிலேயே உயரமானவள், பாவம், சாது. பெல் அடித்தது. என் கை நிற்கவில்லை. அவள் கயிற்றில் சாய்ந்த பிறகும் அடித்தேன். புருவம் பிளந்து ரத்தம் கண்ணில் வழிந்தது. என் கிளவுஸ் முழுக்க ரத்தம். பின்னாலிருந்து இடுப்பைக் கட்டி இழுத்துத்தான் என்னைப் பிரித்தார்கள்.

"நான் என்ன பண்ணேன் கோச்?" என்று கேட்டாள், தரையில் உட்கார்ந்தபடி. கிளவுஸைக்கூடக் கழற்றாமல் வெளியே வந்துவிட்டேன்.

மார்ச் 14, சனி

அடித்துவிட்டேன். இவரை.

டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டதாகச் சொன்னார். என்னைக் கேட்காமல் எப்படி வாங்குவீர்கள் என்றேன். "உன்னைக் கேட்டா நீ வாங்க விடுவியா?" என்றார். அவ்வளவுதான், என் கை பாய்ந்துவிட்டது. அறை இல்லை, குத்து. உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். திருப்பி அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்னை எத்தனை தடவ வேணாலும் அடி," என்றார். "புள்ளையோட கையை ஒரே ஒரு தடவ பாரு."

பார்த்தேன். பாயில் கிடத்தி, அவளுடைய வலது கையை என் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு, இடது பக்கம் கிலுகிலுப்பையை ஆட்டினேன். அவளுக்கு வேண்டும்தான். கண் அதிலேயே இருந்தது, வாய் ஊறியது, வலது கால் பாயை உதைத்தது. இடது கால் சும்மா கிடந்தது. இடது கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, மூடிய கை மூடியபடி. முகம் சிவந்து வீறிட்டாள். கை வரவே இல்லை. மறுபடியும் ஆட்டினேன். வரல. வரவே இல்ல. என் புள்ளைக்கு அந்தக் கை இருக்கிறதே தெரியல.

இடது கையை இறக்காதே, இடது கையை இறக்காதே என்று நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்துகிறவள் நான். ஊருக்குத்தான் உபதேசம்.

மார்ச் 20, வெள்ளி

டாக்டர் வாண்டை மேசையில் படுக்கவைத்து, கவிழ்த்து, தூக்கி உட்காரவைத்து, பொறுமையாகப் பார்த்தார். கிளப்பில் எல்லாரும் மெச்சிய அந்த வலது கையைச் சொன்னேன், கடைசி நப்பாசையாக.

"ஒரு வயசுக்கு முன்னாடி எந்தக் குழந்தையும் ஒரு கையைத் தேர்ந்தெடுக்காதும்மா. ரெண்டும் மாத்தி மாத்தி வரணும். எப்பவும் ஒண்ணே வருதுன்னா அது கெட்டித்தனம் இல்ல. இன்னொண்ணு வரலன்னு அர்த்தம்."

நாங்கள் கைதட்டினோமே. அத்தனை பேரும் கைதட்டினோம்.

ஏப்ரல் 2, வியாழன்

ஸ்கேன் வந்துவிட்டது. பிறப்பதற்கு முன்போ பிறக்கும்போதோ மூளையில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்திருக்கிறதாம். வயிற்றில் குத்து வாங்கியதைச் சொன்னேன். இவர் பக்கத்தில் இருக்கும்போதே சொன்னேன்.

"அதனால இல்ல," என்றார் டாக்டர். "பெரும்பாலும் காரணமே தெரியாது. உங்க வீட்டுக்காரர் சீக்கிரம் கவனிச்சது நல்லதாப் போச்சு. இந்த வயசுல மூளை வேகமாக் கத்துக்கும். ஆனா கை முழுசா வரும்னு நான் வாக்குக் கொடுக்க முடியாது."

வீட்டுக்கு வந்து மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் குத்தினேன். விரல் முட்டி உரிந்தது. எனக்கு அடிக்க ஒரு முகம் வேண்டும். நானே ஆனாலும் சரி. யாரும் இல்லை என்கிறார்கள்.

ஏப்ரல் 6, திங்கள்

நல்ல கைக்கு உறை போட வேண்டுமாம், தினமும் கொஞ்ச நேரம். அப்போதுதான் இடது கைக்கு வேலை வரும் என்று தெரபிஸ்ட் காட்டிக்கொடுத்தாள். இவர் மெத்தென்ற துணியில் நாடா வைத்துத் தைத்தார். போட்டதும் வாண்டு வெறி பிடித்தவள் போலக் கத்தினாள். அந்தக் கத்தலைக் கேட்க முடியாமல் இவர் கீழே போய்த் துணியே வைக்காமல் மெஷினை ஓட்டினார்.

மாமியார் பாய்ந்து வந்து உறையைப் பிடித்து இழுத்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினேன். வளையல் உடைந்து கையைக் கீறியது.

"விளங்குற ஒரு கையையும் கட்டிப் போடுறியே, நீயெல்லாம் தாயா?"

"ஆமா. அதான் கட்டுறேன்."

பிறகு நானே மருந்து போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 11

நெட்டையின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "இனிமே பெல் அடிச்சா நிறுத்துங்க கோச்," என்றாள். இவரிடம் இன்னும் கேட்கவில்லை. உதட்டில் வடு நின்றுவிட்டது.

மே 17, ஞாயிறு

உறை. கத்தல். வாந்தி. இடது கை அசையவில்லை. இன்றைக்கு நானும் அவளோடு சேர்ந்து கத்தினேன்.

மே 18

இவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "முதல்ல உறையைப் போடு, நேரமாச்சு," என்றார்.

ஜூன் 21, ஞாயிறு

உறையைப் போட்டதும் வழக்கம்போல வீடு இரண்டுபட்டது. என் மடியில் எதிர்முகமாக உட்கார்ந்து, உறை போட்ட கையால் தாடையில் சாத்து சாத்தென்று சாத்தினாள். பல்லில் நாக்கு மாட்டி எனக்கு ரத்தம் கசிந்தது. அடி, நல்லா அடி என்றேன். நாடா அவிழ்ந்திருந்தது. முடிச்சுப் போடக் குனிந்தேன்.

சுள்ளென்று முடி இழுபட்டது. அவளுடைய இடது கைப் பக்கம்.

தலையைத் தூக்க முடியவில்லை, கண்ணை மட்டும் சாய்த்துப் பார்த்தேன். கட்டைவிரல் வெளியே இருந்தது. விரல்களுக்கு நடுவில் ஒரு கொத்து முடி. பிடி தளர்ந்தது, நழுவப் பார்த்தது, மறுபடி இறுகியது.

"அடடா, முடியைப் பிடிச்சுக்கிட்டா. இரு, எடுத்து விடறேன்," என்று மாமியார் கையை நீட்டிக்கொண்டு வந்தார்.

"தொடாதீங்க அத்தை," என்றேன். "யாரும் தொடாதீங்க."

நன்றாக வலித்தது. அவளுக்கு எட்டுகிற மாதிரி தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தேன்.