புகைபோக்கி என்று நான் சொன்ன மழை

என் தங்க அக்காவுக்கு,

நீ போன இந்த ஏழு மாதமும் உன்னிடம் மனசுக்குள்தான் பேசிக்கொண்டிருந்தேன். இதை மட்டும் எழுதித்தான் ஆக வேண்டும்.

கடைசியாக என்னைக் கூப்பிட்டாயே, நினைவிருக்கிறதா? அத்திப்பட்டில் உன் கம்பெனி வாசலில் ஸ்கூட்டியோடு நின்றிருந்தாய். "மீனா, இங்க ஒரேடியா இருட்டிக்கினு வர்து. ஊட்டுக்கு வந்து சேந்துடுவனா? உன் ரேடாரு இன்னா சொல்லுது?"

திரையைப் பார்த்தேன். அத்திப்பட்டின் மேல் சிவப்பாக ஒரு திட்டு. அது எப்போதும் இருக்கிற திட்டுதான். ரேடார் அனுப்பும் அலை மழைத்துளியில் பட்டும் திரும்பும், அனல்மின் நிலையப் புகைபோக்கியில் பட்டும் திரும்பும். மழையை ஆராய்கிற நாங்கள் தினமும் அதைப் பார்த்துச் சலித்தவர்கள்.

"அது புகைபோக்கிக்கா. மழைன்னா நகரும். இது ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. பயந்தாங்கொள்ளி, கெளம்பு!" என்றேன். சிரித்துக்கொண்டே போனை வைத்தாய்.

அரை மணி நேரத்தில் ரோடும் கால்வாயும் ஒன்றாகிவிட்டதாம். உன்னை ஸ்கூட்டியோடு கால்வாயிலிருந்துதான் எடுத்தார்கள். 'திடீர் மழை, யாருக்குத் தெரியும்' என்று ஊரே சொன்னது. நானும் அதையே சொல்லிச் சொல்லி அழுதேன்.

போன செவ்வாய்க்கிழமை ஆய்வுக்காக அந்த நாளின் பதிவை எடுத்தேன். ரேடார் கீழே ஒரு சுற்றுச் சுற்றும், பிறகு தலையைத் தூக்கி மேலே ஒரு சுற்று. அந்த உயரத்துக்குப் புகைபோக்கி எட்டாது. மேல் சுற்றைத் திறந்தேன். அங்கேயும், அதே இடத்தில், அதே சிவப்பு.

அக்கா, அது மழை! நகராமல் உன் தலைக்கு மேலேயே நின்ற மழை. நீ பேசிக்கொண்டிருந்தபோதே அது என் கணினியில் இருந்திருக்கிறது. ஒரு தட்டுத் தட்டியிருந்தால் தெரிந்திருக்கும். ஏன் தட்டவில்லை? எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

ஞாயிற்றுக்கிழமை மாமாவிடம் சொல்லிவிட்டேன். உன் மேல் உயிரையே வைத்திருந்த உன் புருஷன், என்னை வீட்டை விட்டே துரத்துவார் என்று நினைத்தேன். டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு உங்கக்கா எனக்கும் போன் பண்ணா, மீனா. 'உன் தங்கச்சியே சொல்லிச்சின்னா அப்புறம் இன்னா, வந்துடு'ன்னேன். இத்த இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல."

ஏழு மாதமாக எதிரெதிரே உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறோம், அவர் அதை விழுங்கிக்கொண்டு, நான் எதுவுமே தெரியாமல்.

ஆய்வுக் கட்டுரையில் அந்தத் தவறை என் பெயர் போட்டே எழுதிவிட்டேன். இனிமேல் யார் கூப்பிட்டு இருட்டிக்கொண்டு வருகிறது என்றாலும், திரை என்ன காட்டினாலும் சரி, 'அங்கேயே நில்லு' என்றுதான் முதலில் சொல்வேன். இது உன் மேல் சத்தியம். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியது அந்த இரண்டே வார்த்தைதான், அக்கா.

உன் பேச்சைக் கேட்காத தங்கை,
மீனா