நான் சொல்லாமல் விட்ட பாதி

என் உயிரான சரோஜா அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்தச் சித்திரையில் ஸ்ரீபெரும்புதூருக்குத் தேர் பார்க்க நான் போகவில்லை. சின்ன வயதில் அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டு நீ "தேரு" என்பாய், "வ" என்று இரண்டு பேரும் சேர்ந்து கத்துவோம், "ருதே" என்று நான் முடிப்பேன். திருப்பிப் படித்தாலும் அது "தேரு வருதே"தான் என்று எனக்குக் காட்டியவள் நீ. இப்போது அந்த நடு எழுத்தை யாரோடு சேர்ந்து கத்துவது?

பிள்ளைப்பாக்கத்தில் நம் கழனிக்குப் பக்கத்து நிலத்தை அளந்து கல் நட்டுவிட்டார்கள், ஏதோ கம்பெனி வருகிறதாம். ஷூ கம்பெனியில் உன் தையல் மிஷினில் சேரப்பணஞ்சேரிப் பெண் ஒருத்தி உட்காருகிறாள். அம்மாவுக்கும் உன்னைப் போலவே மூச்சிழுப்பு வந்துவிட்டது. டாக்டர் அதே வெள்ளை மாத்திரையைத்தான் கொடுத்திருக்கிறார். அம்மா தொட மாட்டேன் என்கிறாள்.

"அந்த மாத்திரதான் என் பொண்ண முழுங்கிச்சி. அத்த என் வாயிலயும் போட சொல்றியா?" என்று பொட்டலத்தை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

மெட்ராஸில் நான் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிதில், அந்த மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நீ கேட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? "ஏண்டி, இத்தினியூண்டு கீது. எங்க போயி இன்னா செய்யணும்னு இதுக்கு யாரு சொல்லி அனுப்பறாங்க?" நான் பெரிய படிப்பாளி மாதிரி சிரித்தேன். பதில் தெரியவில்லை, அதனால்தான் சிரித்தேன்.

இந்த வருஷம் ஓரளவு தெரிந்துவிட்டது, அக்கா. லைப்ரரிக்கு வந்த பத்திரிகையில் படமே போட்டிருக்கிறார்கள். மாத்திரை நேராக ஒன்றும் செய்வதில்லை. உயிரணுவுக்குள் அதற்கென்று ஒரு புரதம் காத்திருக்கிறது. மருந்து வந்து ஒட்டியதும் அந்தப் புரதம் உட்கருவுக்குள் போய் டி.என்.ஏ.வில் தன் இடத்தைத் தேடுகிறது. துத்தநாக அணுக்கள் இறுக்கிப் பிடித்த தன் முனை ஒன்றை டி.என்.ஏ.வின் பள்ளத்தில் நுழைத்து, தடவிப் பார்ப்பது போல எழுத்துகளைப் படிக்கிறது. தனக்குரிய ஆறு எழுத்து இருந்தால்தான் கெட்டியாக உட்காரும்.

அதுவும் தனியாக உட்காராது, ஜோடி சேர்ந்துதான் உட்காரும். ஒன்றுக்கு ஆறு எழுத்து, நடுவில் மூன்று, அப்புறம் மற்றதற்கு அதே ஆறு எழுத்து, எதிர் இழையில் திரும்பியபடி. நம்ம "தேரு வருதே"தான் அக்கா! நடுவில் எந்த எழுத்து இருந்தாலும் பரவாயில்லை. எண்ணிக்கை மட்டும் மாறக் கூடாது.

படத்துக்காகச் செய்த டி.என்.ஏ. ஒன்றில் நடுவில் மூன்றுக்குப் பதில் நாலு எழுத்து. ஒரு புரதம் சரியாக உட்கார்ந்துவிட்டது. மற்றது ஒரு எழுத்து தள்ளிப்போய், தன் சொல்லைப் படிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறது. அப்படியும் அது ஜோடியின் கையை விடவில்லை. அதைப் பார்த்துவிட்டு லைப்ரரி மேசையிலேயே அழுதேன்.

நான் விட்டுவிட்டேனே, அக்கா. வடக்குப்பட்டிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. நீ கண்ணாடியில் உப்பிய கன்னத்தை அழுத்திப் பார்த்து, "இன்னாடி இப்டி ஊதிக்கினே போவுது?" என்றாய்.

"அந்த மாத்திரையாலதான்க்கா."

அவ்வளவுதான் சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினேன். மருந்து வெளியிலிருந்து வர வர, அதே மாதிரி சரக்கை உடம்பு தானாகச் செய்துகொள்வதை நிறுத்திவிடும். திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். இந்த மற்ற பாதியும் எனக்கு அப்போதே தெரியும். விடாமல் சாப்பிடு என்று டாக்டர் சொன்னார், ஏன் என்று அவரும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து விளக்கமாகச் சொல்லலாம் என்று இருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வந்தது உன் சாவுக்கு.

உன் ஊசி டப்பாவுக்குள் நீ சாப்பிடாமல் ஒளித்து வைத்திருந்த மாத்திரைகளை நான்தான் எடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அம்மா மாத்திரையைத் திட்டும்போதெல்லாம், என்னைத் திட்டவில்லையே என்று நிம்மதியாக இருந்தேன். எவ்வளவு கேவலம், பார்.

உன்னைக் கொன்றது மாத்திரை இல்லை, அதை நிறுத்தியதுதான் என்று சொன்னால், ஏன் நிறுத்தினாள் என்று அம்மா கேட்பாள். அதற்கு அப்புறம் என் முகத்தைப் பார்ப்பாளா? நீயாவது என்னை மன்னித்தாயா?

போன வாரம் மூச்சுக்குத் தவித்து அம்மாவின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தப் பொட்டலத்தையும், உன் டப்பாவில் இருந்த மாத்திரைகளையும் அம்மா முன்னால் வைத்து உட்காரப்போகிறேன். பஸ் போனால் போகட்டும். இந்த முறை இரண்டு பாதியையும் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். உன் மேல் சத்தியம்.

"ருதே" சொல்ல வேண்டிய இடத்தில் வாய் மூடி நின்ற,
உன் தங்கச்சி கோமளா
மெட்ராஸ், 1991